வீட்டிலேயே மரச்சாமானுக்கு சாக் பெயின்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாக் பெயின்ட் என்றால் என்ன? கரும்பலகைக்கு அடிக்கிற பெயின்ட்டா?

இல்லை, அது வேறு. கரும்பலகை பெயின்ட் சாக்பீஸால் எழுதுவதற்காகத் தயாரிப்பது. இது, காய்ந்த பிறகு சாக்பீஸைத் தொட்ட மாதிரியே இருக்கும், பளபளப்பே இருக்காது, அதனால் இந்தப் பெயர். இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் என்பவர் 1990-இல் மரச்சாமான்களுக்கென்று உருவாக்கியது. அந்தப் பெயர் அவருடைய நிறுவனத்தின் வணிகப்பெயர் என்பதால், மற்ற கம்பெனிகள் சாக் ஸ்டைல், சாக் ஃபினிஷ் என்று டப்பாவில் போட்டு விற்கின்றன.

இதன் உள்விஷயம் ஒன்றே ஒன்றைப் புரிந்துகொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். எந்தப் பெயின்ட்டிலும் பொடி இருக்கும், அந்தப் பொடியைப் பிடித்து ஒட்டவைக்கும் பசை இருக்கும், இரண்டையும் இளக்கி வைக்கத் தண்ணீரோ டர்பன்டைனோ இருக்கும். எனாமலில் பசை தாராளம், அதனால் காய்ந்ததும் கண்ணாடி மாதிரி மூடிக்கொள்கிறது. சாக் பெயின்ட்டில் பொடி மிக அதிகம், பசை குறைவு. பொடிக்கும் பொடிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் நின்றுவிடும். பளபளக்காததும், சீக்கிரம் காய்வதும், உப்புத்தாள் போட்டால் வெண்ணெய் மாதிரி தேய்வதும் அதனால்தான். ஒரு சொட்டு காபி விழுந்தால் உறிஞ்சிக்கொள்வதும் அதே காரணத்தால்தான்.

அப்படியானால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் இதுவும் ஒன்றுதானே?

பார்க்க ஒரே மாதிரி இருக்கும், நடப்பது வேறு. நீற்றின சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு சுவரிலேயே மெதுவாகக் கல்லாக மாறுகிறது. சாக் பெயின்ட்டில் அந்த மாதிரி எதுவும் நடப்பதில்லை, தண்ணீர் ஆவியாகிப் போக, பசை பொடியைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால் "பெயின்ட்டில் கொஞ்சம் சுண்ணாம்பைக் கலந்தால் சாக் பெயின்ட் ஆகிவிடுமா" என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். சுண்ணாம்பின் காரம் கையைப் புண்ணாக்கும், சில நிறங்களை வெளுக்க வைக்கும், துவர்ப்புச் சத்துள்ள மரத்தில் பட்டால் மரமே கறுத்துப்போகும்.

எந்தச் சாமானுக்கு அடிக்கலாம், எதற்கு அடிக்கக் கூடாது?

இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. தாத்தா காலத்துத் தேக்கு மேசை, ஈட்டி மர நாற்காலி, காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் இருந்து வந்த பர்மா தேக்குப் பெட்டி, ஊஞ்சல் பலகை, இதற்கெல்லாம் தயவுசெய்து பெயின்ட் அடிக்காதீர்கள். அந்த மரத்தின் ரேகைதான் அதன் அழகு, அழுக்கை எடுத்துவிட்டு மறுபடி பாலிஷ் போட்டால் இன்னும் ஐம்பது வருஷம் நிற்கும். ஒருதடவை பெயின்ட் உள்ளே இறங்கிவிட்டால் ரேகையின் பள்ளத்திலிருந்து வெள்ளையை எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும், முழுசாகவும் வராது.

சாக் பெயின்ட்டுக்கு ஏற்றது, யாரும் திரும்பிப் பார்க்காத சாமான்கள். கல்யாணத்துக்கு வாங்கின பிளைவுட் டிரெஸ்ஸிங் டேபிள், ரப்பர் மரத்து டைனிங் செட், இரண்டு மூன்று வெவ்வேறு மரத்தை வைத்துத் தட்டிச் சேர்த்து அடர் பழுப்பு ஸ்டெயின் அடித்து மறைத்த ஸ்டூல், கால் மட்டும் நன்றாக இருந்து மேல்பலகை வீணாய்ப் போன மேசை. தூக்கிப்போடலாம் என்று மொட்டைமாடிக்குப் போன சாமானுக்கு இது நிஜமாகவே இன்னொரு வாழ்க்கை.

அடிப்பதற்கு முன் ஒன்று பாருங்கள். சின்னச் சின்ன ஓட்டையும், அதன் கீழே மாவு மாதிரி தூளும் தெரிந்தால் வண்டு உள்ளே வேலை செய்கிறது, மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது. பட்டி வைத்து ஓட்டையை அடைத்துப் பெயின்ட் அடித்தால் பிரச்சினை உள்ளேயே இருக்கும். முதலில் மருந்து, நன்றாக உலரட்டும், பிறகுதான் மற்றதெல்லாம்.

தேய்க்கவே வேண்டாம், நேரே அடிக்கலாம் என்கிறார்களே?

பாதி உண்மை. மொரமொரப்பான, சுத்தமான மரத்தில் நேரே பிடித்துக்கொள்ளும். ஆனால் நம் வீட்டுச் சாமான் சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நாற்காலியின் சாய்வுப் பலகையில் தலை படுகிற இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள், வருஷக்கணக்கான தேங்காயெண்ணெய் அங்கே ஊறியிருக்கும். சமையலறை அலமாரியின் மேல்விளிம்பில் தாளிப்புப் புகை ஒரு பிசுக்காக உட்கார்ந்திருக்கும். சாமி மாடம் என்றால் விளக்கெண்ணெயும் கரியும். எண்ணெயின் மேல் எந்தப் பெயின்ட்டும் நிற்காது, இன்றைக்கு நின்றாலும் ஆறு மாதத்தில் செதில் செதிலாக வரும்.

அதனால் முதல் வேலை கழுவுவது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவமோ கொஞ்சம் சலவை சோடாவோ கலந்து, துணியைப் பிழிந்து துடையுங்கள் (பிளைவுட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள், உப்பிவிடும்). பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் இரண்டு தடவை. சோப்பு தங்கினாலும் கெடுதல்தான். ஒரு நாள் உலரவிட்டு, 180 அல்லது 220 நம்பர் உப்புத்தாளை எடுத்து, பளபளப்பு மங்குகிற அளவுக்கு மட்டும் லேசாக ஓட்டுங்கள். பழைய வார்னிஷை முழுக்க உரிக்க வேண்டியதில்லை, அந்த உழைப்பைத்தான் இந்தப் பெயின்ட் மிச்சப்படுத்துகிறது. இந்தப் பத்து நிமிஷத்தை நான் எந்தச் சாமானிலும் விட்டதில்லை.

பழைய எனாமல் அடித்த தொட்டில் இருக்கிறது, அதையும் தேய்க்கலாமா?

கொஞ்சம் நில்லுங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமலில் ஈயம் நிறையவே இருந்திருக்கலாம். உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் காற்றில் கலந்து வீடெங்கும் படியும், சின்னக் குழந்தைகளுக்கு அது மிகக் கெடுதல். பெயின்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால், தண்ணீரில் நனைக்கிற உப்புத்தாளை வைத்து ஈரமாகவே, பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் தேய்த்து, அந்தச் சேறைத் துணியில் துடைத்துத் துணியோடு கட்டிக் குப்பையில் போடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். உரிந்துகொண்டிருந்தாலோ, குழந்தை கடிக்கிற விளிம்பாக இருந்தாலோ, அந்தத் தொட்டிலை அடித்துப் புதுசாக்குவதை விட விட்டுவிடுவதுதான் நல்லது.

வீட்டிலேயே கலந்துகொள்ள முடியுமா?

தாராளமாக முடியும், நான் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறேன். பொடி அதிகம், பசை குறைவு என்று மேலே சொன்னேன் இல்லையா, கடையில் கிடைக்கும் மேட் எமல்ஷனில் (பளபளக்காத, தண்ணீர் கலக்கும் சுவர் பெயின்ட்) நாமே பொடியைக் கூட்டிவிடுகிறோம், அவ்வளவுதான். மூன்று பங்கு எமல்ஷனுக்கு ஒரு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஒரு பங்கு தண்ணீர். பொடியைச் சலித்து, தண்ணீரில் முதலில் கட்டியில்லாமல் தோசை மாவு பதத்துக்குக் கரைத்து, அதைப் பெயின்ட்டில் ஊற்றிக் கலக்க வேண்டும். பொடியை நேரே பெயின்ட்டில் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும், எவ்வளவு கலக்கினாலும் போகாது. பொடியைக் கையாளும்போது மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும் சரக்கு. கலந்த கொஞ்ச நேரத்தில் கெட்டிப்பட ஆரம்பிக்கும், அதனால் அரை மணி நேரத்தில் அடித்து முடிக்கிற அளவு மட்டும் கலந்துகொள்ளுங்கள். முதல்முறை செய்கிறவர்களுக்கு அந்த அவசரம் வேண்டாம் என்றால் அதே அளவு கால்சியம் கார்பனேட் பொடியைப் பயன்படுத்துங்கள், சாக் பவுடர் என்று கேட்டாலும் சில பெயின்ட் கடைகளில் கொடுப்பார்கள். அது இறுகாது, காய்ந்த பிறகு இன்னும் கொஞ்சம் மென்மையாகவும் இருக்கும். சாக்பீஸை இடித்துப் போடலாமா என்றால், போடலாம், ஆனால் எவ்வளவு சலித்தாலும் நறநறப்பு நிற்கும்.

பொடியைக் கூட்டினால் இன்னும் நன்றாக இருக்குமோ என்று ஆசைப்பட்டு அரைக்கு அரை போடாதீர்கள். பசை போதாமல், காய்ந்த பிறகு கையால் தடவினால் திருநீறு மாதிரி ஒட்டிக்கொண்டு வரும்.

வெள்ளை அடித்தேன், மறுநாள் பழுப்பும் ரோஸுமாகக் கறை மேலே வந்துவிட்டது. இரண்டாம் கோட் அடித்தும் போகவில்லை. ஏன்?

எனக்கு வந்த கேள்விகளிலேயே அதிகம் வந்தது இதுதான். நானும் இதில் மாட்டியிருக்கிறேன். பழைய கடையில் வாங்கின ஒரு படிப்பு மேசை, அடர் சிவப்புப் பழுப்பில் ஸ்டெயின் அடித்தது. வெள்ளையை ஒரு கோட் அடித்தேன், ரோஸ் நிறம் எட்டிப் பார்த்தது. இரண்டு, மூன்று, நான்கு கோட். ஒவ்வொரு தடவையும் ஈரத்தில் வெள்ளையாக இருக்கும், காய்ந்ததும் திரும்ப ரோஸ். ஒரு வாரமும் ஒரு டப்பா பெயின்ட்டும் அதில் போயின.

காரணம் இது. மரத்திலிருக்கும் துவர்ப்புச் சத்தும், பழைய ஸ்டெயினில் இருக்கும் சாயமும் தண்ணீரில் கரையக்கூடியவை. நம் பெயின்ட்டிலோ தண்ணீர்தான் இருக்கிறது, அடித்த மேற்பரப்பும் ஓட்டை ஓட்டையாக உறிஞ்சும் தன்மையுள்ளது. ஈரத்தில் சாயம் கரைந்து, தண்ணீர் ஆவியாகும் பாதையிலேயே மேலே ஏறி வந்து நிற்கிறது. எத்தனை கோட் அடித்தாலும் ஒவ்வொரு கோட்டும் இன்னொரு முறை தண்ணீர் ஊற்றுவதுதான்.

இதற்கு மருந்து நம் ஊர் ஆசாரிகளிடமே இருக்கிறது, அரக்கு. பாலிஷ் போடுவதற்காக வைத்திருக்கும் அரக்குச் செதில், ஷெல்லாக் என்று கேட்டாலும் கிடைக்கும். 100 மில்லி ஸ்பிரிட்டுக்கு (பாலிஷ் வேலைக்கான மெதிலேட்டட் ஸ்பிரிட்) 20, 25 கிராம் போட்டு மூடி, ஓர் இரவு முழுக்க வையுங்கள். அடியில் மெழுகு கலங்கலாகத் தங்கும், மேலே தெளிந்து நிற்பதை மட்டும் இறுத்து எடுத்து, ஒரு கோட் அடித்து, காய்ந்ததும் இன்னொரு கோட். அது தண்ணீரில் கரையாது, அதனால் கீழே இருக்கும் சாயம் அங்கேயே பூட்டிக்கொள்ளும். 320 நம்பரால் ஒரு லேசான தேய், அப்புறம் பெயின்ட். ஸ்பிரிட் தீப்பிடிக்கும் பொருள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. அந்த மேசைக்கும் கடைசியில் இதைத்தான் செய்தேன், அதன் மேல் ஒன்றரை கோட்டில் வெள்ளை நின்றது.

தேக்கு, ஈட்டி, சிவந்த ஸ்டெயின் இந்த மூன்றில் எது இருந்தாலும், வெளிர் நிறம் அடிக்கப் போகிறீர்கள் என்றால், கறை வருகிறதா பார்க்கலாம் என்று காத்திருக்காமல் முதலிலேயே அரக்கு அடித்துவிடுங்கள்.

எத்தனை கோட், எந்த பிரஷ்?

இரண்டு கோட் போதும். முதல் கோட் திட்டுத்திட்டாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். மெல்லிய பிரஷ் மயிர் உதிராமல் இருந்தால் சரி. பிரஷ் கோடு பிடிக்காதவர்கள் பெயின்ட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சின்ன ஃபோம் ரோலரால் அடிக்கலாம், கோடு தெரிந்தால்தான் கைவேலை என்று தெரியும் என்பவர்கள் கெட்டியாகவே அடிக்கலாம், எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். கைப்பிடி, கீல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அடியுங்கள். டிராயரின் பக்கவாட்டில் அடிக்காதீர்கள், பெயின்ட்டின் கனத்தில் மாட்டிக்கொண்டு திறக்க வராது.

வெயில் காலத்தில் அடிக்கலாமா, மழைக்காலத்தில் அடிக்கலாமா?

சித்திரை, வைகாசியில் மதிய வேளையில் அடித்தால் பிரஷை இழுப்பதற்குள் காய்ந்து, அடுத்த இழுப்பில் பிய்ந்துகொண்டு வரும். காலையில் சீக்கிரம் ஆரம்பியுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், பிரஷைத் தண்ணீரில் லேசாக நனைத்துக்கொண்டு அடியுங்கள். மொட்டைமாடியில் நேர் வெயிலில் வேண்டவே வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சிக்கல் தலைகீழ். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும், அதன் மேல் வார்னிஷ் அடித்தால் பால் மாதிரி வெண்மூட்டம் போடும். அந்த மாதங்களில் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு முழு நாள் விடுங்கள். என்னைக் கேட்டால் தை, மாசிதான் இந்த வேலைக்கு நல்ல காலம்.

கடைசியில் மெழுகு போடுவதா, வார்னிஷ் அடிப்பதா?

ஏதாவது ஒன்று கட்டாயம். இடைவெளிகளோடு நிற்கும் பெயின்ட்டை மூடாமல் விட்டால் டபரா டம்ளர் வைத்த வட்டம்கூடப் போகாது.

சாக் பெயின்ட் வந்த நாட்டில் மெழுகுதான் வழக்கம். பழைய பனியன் துணியில் தொட்டு, தேய்த்து உள்ளே இறக்கி, மிச்சத்தைத் துடைத்தெடுத்தால் தொடுவதற்கு அவ்வளவு இதமாக இருக்கும், நிறமும் கொஞ்சம் ஆழமாகும். ஆனால் அது குளிர்ந்த ஊர். தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரியில் உருகும், அதில் எண்ணெயோ டர்பன்டைனோ கலந்து இளக்கிய மெழுகு அதற்கும் முன்பே இளகத் தொடங்கும். மேற்கு வெயில் விழுகிற அறையில் மே மாதம் மெழுகு போட்ட மேசை மேல் செய்தித்தாளை வைத்தேன், எடுக்கும்போது எழுத்து மேசையில் இருந்தது. தூசியும் அப்படியே பிடிக்கும். சூடான குழம்புச் சட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதனால் நம் ஊருக்கு என் கருத்து இது. படச்சட்டம், கண்ணாடிச் சட்டம், கை அதிகம் படாத அலமாரி, இவற்றுக்கு மெழுகு. டைனிங் டேபிள், ஸ்டூல், நாற்காலி, சமையலறை, குழந்தைகள் அறை, இதற்கெல்லாம் தண்ணீரில் கலக்கும் பியூ (பாலியூரித்தேன் என்ற கெட்டியான வார்னிஷ்), அதுவும் மேட் வகை. மெல்லியதாக இரண்டு மூன்று கோட், நடுவில் 320 நம்பரால் ஒரு தேய். டர்பன்டைனில் கலக்கும் பியூவும் சாதாரண வார்னிஷும் நாளாக ஆக மஞ்சளடிக்கும், கரும்பச்சையிலோ நீலத்திலோ அது தெரியாது, வெள்ளையில் பழைய பல் மாதிரி தெரியும். கடையில் மெலமைன் என்ற மரப் பாலிஷை எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள், அதன் வாடை கடுமை, மூடின வீட்டுக்குள் செய்கிற வேலை இல்லை அது.

மெழுகு போட்ட பிறகு அதன் மேல் பியூ அடிக்க முடியாது, ஒட்டாது. மனசு மாறினால் டர்பன்டைன் நனைத்த துணியால் மெழுகைத் துடைத்து எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

சன்மைக்கா, ஸ்டீல் பீரோ?

சன்மைக்காவில் உறிஞ்சுவதற்கு ஒன்றுமே இல்லை. 150 நம்பரால் நன்றாகக் கீறி, எதிலும் ஒட்டக்கூடிய பிரைமர் ஒரு கோட் அடித்து, அப்புறம் சாக் பெயின்ட், மேலே பியூ. இதில் பிரைமரைத் தவிர்த்தால் நகத்தாலேயே உரித்துவிடலாம்.

ஸ்டீல் பீரோவில் துரு இருக்கும் இடத்தைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்தால் ரெட் ஆக்சைடு போன்ற மெட்டல் பிரைமர் அடியுங்கள். தண்ணீர் கலந்த பெயின்ட்டை வெறும் இரும்பில் அடித்தால் மறுநாளே துருப்புள்ளி எழும்பி வரும். பிரைமர் முழுசாகக் காய்ந்த பிறகு லேசாகத் தேய்த்துவிட்டு அடிக்கலாம். அம்மா வீட்டு பீரோ ஒன்றை இப்படித்தான் மங்கின பச்சையில் அடித்தோம், வருகிறவர்கள் எல்லாரும் எங்கே வாங்கினது என்று கேட்கிறார்கள்.

ஓரம் தேய்ந்து பழசானது மாதிரி செய்வது எப்படி?

பெயின்ட் காய்ந்ததும், பியூவுக்கு முன்னால், 220 நம்பரால் ஓரங்களிலும் கைப்பிடிக்குப் பக்கத்திலும் தேய்த்தால் கீழே இருக்கும் மரம் தெரியும். நிஜமாகப் பழகினால் எங்கே தேயுமோ அங்கே மட்டும் தேயுங்கள். நட்ட நடுவில் தேய்த்தால் பொய்யாகத் தெரியும். கீழே பிளைவுட் என்றால் இதைச் செய்யாதீர்கள், ஓரத்தில் அடுக்குத்தான் தெரியும்.

மஞ்சள் கறை பட்டால்?

உடனே சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். பியூ அடித்திருந்தால் பெரும்பாலும் வந்துவிடும். லேசாக மஞ்சள் நின்றால் பதற வேண்டாம், மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும், அந்தப் பலகையை இரண்டு மூன்று நாள் வெளிச்சம் படுகிற ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். மெழுகு மட்டும் போட்ட வெள்ளை மேசையில் சாம்பார் கொட்டினால் எனக்குத் தெரிந்து ஒரே வழி, அந்த இடத்தைத் தேய்த்துத் திரும்ப அடிப்பதுதான்.

அடித்து முடித்து எத்தனை நாளில் பயன்படுத்தலாம்?

மறுநாளே அறைக்குள் கொண்டுபோய் வைக்கலாம். ஆனால் பியூ முழுப் பலத்துக்கு வர மூன்று நான்கு வாரம் ஆகும், மெழுகுக்கும் அப்படித்தான். அதுவரை ஈரத்துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள், மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போடாதீர்கள், அது ஒட்டிக்கொண்டு தோலோடு வரும். கனமான ஜாடியோ டிவியோ வைப்பதானால் கீழே ஒரு துணி.

மிச்சமான கலவையை வைத்துக்கொள்ளலாமா?

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்தது நிற்காது. அதைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், குழாய்க்குள்ளே இறுகிக் கல்லாகிவிடும். டப்பாவிலேயே இறுகவிட்டுக் குப்பையில் போடுங்கள், பிரஷை மட்டும் உடனே கழுவுங்கள். கால்சியம் கார்பனேட் கலந்தது மூடி இறுக்கமாக இருந்தால் சில வாரம் தாங்கும், அடியில் தங்கியதைக் கிளறிக்கொள்ள வேண்டும். பொடி கலக்காத எமல்ஷன் மட்டும் ஒரு சின்ன பாட்டிலில் எடுத்து, மேலே நிறத்தின் எண்ணை எழுதி ஒட்டி வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு மூலை பெயர்ந்து வரும், அப்போது கடைக்குப் போய் அதே நிறத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லி வாங்குவது நடக்காது.